கடலோரத்தில் ஒரு வாடகை வீடு

(மாதுங்காவில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

   

ஆண்டு விழா மேடையில் மொழியின் பெருமையையோ இலக்கியத்தின் சிறப்பையோ பேசுதல் மரபு. விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்போ ‘விடுமுறை’ என்பது. எளிய தலைப்புத்தான். ஆயினும் எண்ணிப் பார்க்குமிடத்து, குடிபெயர்ந்து வாழும் நம் குடும்பங்களின் நிலை முழுவதும் இந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கக் காண்கிறோம். விடுமுறைக்கு எங்கே போகிறோம்? யாரோடு போகிறோம்? போன இடத்தில் எந்த மொழியில் பேசிக்கொள்கிறோம்? யார் உழைக்க, யார் ஓய்வு கொள்கிறார்? இந்நான்கு கேள்விகளுக்கும் ஒரு குடும்பம் தரும் விடையே அக்குடும்பத்தின் நாளைய நிலையைக் காட்டிவிடும்.

நாம் வாழும் இம்மாநகரம் கடல் சூழ்ந்தது. ஏழு தீவுகளை இணைத்து எழுப்பப்பட்டது. தாராவி ஒரு காலத்தில் மாகிம் கழிமுகத்தை அடுத்திருந்த மீனவர் சிற்றூர். அங்குள்ள கோலிவாடா இன்றும் அதற்குச் சான்றாக நிற்கிறது. செம்பூரை அடுத்த மாகுல் கிராமத்திலும் மீனவர் குடியிருக்கின்றனர். இவ்வாறு கடலின் வாயிலிலேயே குடியிருந்தும், கடலை நிதானமாக இருந்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? மின்சார வண்டிக்கு விரைகிறோம், இரவில் திரும்புகிறோம். ஞாயிறு மாலை தாதர் கடற்கரைக்கோ ஜுகு கடற்கரைக்கோ போனாலும், பேல்பூரி தின்று, குழந்தையைக் கூட்டத்தில் தொலைத்துவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்வதே பெரும்பாடாகிறது. கடலுக்கு அருகில் இருத்தல் வேறு. கடலோடு இருத்தல் வேறு.

வாடகை வீடு என்பதும் நமக்குப் புதிதன்று. 1896-ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. அதன் பின்னர் 1898-இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை தாதர், மாதுங்கா, வடாலா, சயான் பகுதிகளைத் திட்டமிட்டு உருவாக்கியது. அங்கே எழுந்த கட்டடங்களில் வாடகைக்குக் குடியேறித்தான் நம் முன்னோர் பலர் இந்நகரில் காலூன்றினர். தாராவியில் தோல் பதனிட வந்தவரும், ஆலைகளில் வேலைக்கு வந்தவரும் ஒற்றை அறையில் பல பேராகத் தங்கினர். பிறர்க்குரிய கூரையின் கீழ் நம் வாழ்வை நடத்தும் கலை நமக்கு நன்றாகவே தெரியும். அக்கலையை ஓய்வுக்கும் பயன்படுத்தலாகாதா என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்கும் கேள்வி.

முன்னெல்லாம் நமக்கு விடுமுறை என்றால் ஊருக்குப் போதல் என்றே பொருள். கோடை விடுமுறைக்குப் பல வாரங்களுக்கு முன்பே பயணச்சீட்டுக்கு வரிசையில் நிற்போம். பம்பாயிலிருந்து சென்னை சென்ட்ரல், அங்கிருந்து எழும்பூர், பின்னர் மீட்டர்கேஜ் வண்டியில் திருநெல்வேலி. ஹோல்டாலும் கூஜாவும் எலுமிச்சஞ்சோற்றுப் பொட்டலமுமாக இறங்கும்போது, வண்டிப் புகையினால் முகம் கருத்திருக்கும். ஆனால் நிலையத்து வாசலில் நின்ற தாத்தாவின் குரல் கேட்டதும் களைப்பெல்லாம் போய்விடும். அங்கே ஒரு மாதம் நம் பிள்ளைகள் தமிழிலேயே சண்டையிட்டனர், தமிழிலேயே கனாக் கண்டனர். ஜூன் மாதம் மீண்டும் பள்ளிக்கு வரும்பொழுது அவர்கள் நாவில் ஊர் மண் ஒட்டியிருந்தது.

அந்த ஊர்வீடு இன்று பலருக்கு இல்லை. பெரியவர்கள் மறைந்தனர், பாகப்பிரிவினையில் வீடு கைமாறிற்று, அல்லது பூட்டிக் கிடக்கிறது. மறைந்தது வீடு மட்டுமா? அண்ணன் மக்களும் தங்கை மக்களும் ஒரே தட்டில் உண்டு, ஒரே பாயில் உறங்கிய அந்த ஒரு மாதமும் அதனோடு மறைந்தது. இப்போது செம்பூரில் ஒருவர், டோம்பிவிலியில் ஒருவர், நவி மும்பையில் ஒருவர் என்று சிதறி வாழ்கிறோம். திருமணத்திலும் துக்க வீட்டிலும் சந்திக்கிறோம். அங்கே உடன்பிறந்தார் முகம் பார்க்க நேரமேது?

கடலுக்குப் போதல் தமிழர்க்குப் பழமையான வழக்கம். ஆடி அமாவாசைக்கு நீத்தார் கடன் கழிக்கவும், மாசி மகத்திற்குத் தீர்த்தமாடவும் நம்மவர் கடற்கரைக்குச் சென்றனர். திருச்செந்தூரில் கந்த சஷ்டியின் ஆறு நாளும் சத்திரங்களிலும் மடங்களிலும் குடும்பம் குடும்பமாகத் தங்கி நோன்பிருந்தனர். களிப்புக்காகக் கடலாடியதும் உண்டு. சிலப்பதிகாரத்தில் இந்திர விழாவின் முடிவில் புகார் நகரத்தார் கடற்கரையில் திரள்கின்றனர். கோவலனும் மாதவியும் அங்கே செல்கின்றனர். புன்னை நிழலில் இருந்து யாழிசைத்துப் பாடுகின்றனர். ஒருவர் பாட்டின் பொருளை மற்றவர் தவறாக எண்ணிக்கொள்ள, அந்த இனிய மாலையே அவர்களுடைய பிரிவின் தொடக்கமாகிறது. இளங்கோவடிகள் நமக்குக் காட்டும் உண்மை இது: ஓய்வு நேரம் உள்ளங்களைச் சேர்க்கவும் செய்யும், பிரிக்கவும் செய்யும். வேலைநாளில் மறைந்து கிடப்பதெல்லாம் ஓய்வுநாளில் வெளிப்படும். ஆகவே விடுமுறையை எப்படி நடத்துகிறோம் என்பது சிறிய செய்தியன்று.

மேலைநாட்டில் இவ்வழக்கம் மருத்துவத்தின் வழியே பரவியது. 18-ஆம் நூற்றாண்டில் ரிச்சர்டு ரஸ்ஸல் என்னும் ஆங்கில மருத்துவர் கடல்நீராடலை நோய்க்கு மருந்தெனப் பரிந்துரைத்தார். பிரைட்டன் என்ற மீனவர் ஊர் செல்வர்களின் ஓய்வூராக மாறிற்று. நம் நகரிலும் அத்தகைய எடுத்துக்காட்டு உண்டு. 1924-இல் அறுவை சிகிச்சைக்குப் பின் சிறைத்தண்டனையிலிருந்து விடுதலையான காந்தியடிகள், உடல் தேற ஜுகு கடற்கரையில் ஓர் அன்பரின் இல்லத்தில் தங்கினார். அன்று ஜுகு நகரத்துக்கு வெளியே இருந்த அமைதியான கரை.

செல்வர்க்கும் நோயாளர்க்கும் உரியதாக இருந்த கடற்கரை, உழைப்பவர்க்கும் உரியதானது எவ்வாறு? சம்பளத்தோடு கூடிய விடுப்பினால். பிரான்சு நாட்டில் 1936-இல் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் பயனாக ஆண்டுக்கு இரண்டு வார ஊதிய விடுப்புச் சட்டமாயிற்று. நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஆண்டில் 240 நாள் உழைத்தவர்க்கு, உழைத்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒருநாள் ஊதிய விடுப்பு என்று வகுத்தது. விடுமுறை என்பது யாரோ இட்ட பிச்சையன்று. உழைத்தவர் பெற்ற உரிமை. ஆயினும் அத்தகைய சட்டத்தின் நிழல் படாதவர் நம்மிடையே மிகப் பலர். சிறு பட்டறையில் தைப்பவர்க்கும், இட்லிக் கூடை சுமப்பவர்க்கும், வீட்டு வேலை செய்யும் தாய்மார்க்கும் ஐந்துநாள் விடுப்பு என்றால் ஐந்துநாள் கூலி இழப்பு. இதனை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இறுதியில் மீண்டும் இங்கு வருவேன்.

இனி, நான் கண்டறிந்த ஒன்றைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு தீபாவளி விடுமுறையில் எங்கள் குடும்பத்தார் மூன்று வீட்டாரும் சேர்ந்து, அலிபாகுக்குத் தெற்கே நாகாவ் என்னும் ஊரில் கடலோரமாக ஒரு வீட்டை ஐந்து நாளைக்கு வாடகைக்கு எடுத்தோம். பெரியோரும் சிறியோருமாகப் பதினொருவர். என் தாயாருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் அவரை ‘ஆச்சி’ என்று அழைப்பார்கள். அவர் பிறந்தது திருச்செந்தூர்ப் பக்கம்.

போகும் வழியே இன்பமானது. இந்திய வாயிலருகே படகேறினால் ஒருமணி நேரத்தில் மாண்டவா துறை; அங்கிருந்து அலிபாகுக்குப் பேருந்து. சில படகு நிறுவனங்களின் சீட்டிலேயே பேருந்துக் கட்டணமும் அடங்கிவிடும். கார் வைத்திருப்போர் 2020-இல் தொடங்கிய ரோ-ரோ கப்பலில் வண்டியோடு செல்லலாம். தரைவழி செல்வோர்க்கு 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட அடல் சேது பாலம் உதவுகிறது. மழைக்காலத்தில் இந்திய வாயில் படகுகள் நின்றுவிடும். எனவே மழை ஓய்ந்த பின்னர், நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். சனி, ஞாயிறுகளில் வாடகை ஏறும். வாரத்தின் நடுவில் குறையும். நாங்கள் ஒரு திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தோம்.

வீடு பாக்குமரமும் தென்னையும் அடர்ந்த ஒரு தோப்பின் நடுவே இருந்தது. அத்தகைய தோப்பை அங்கே ‘வாடி’ என்பர். ஓடு வேய்ந்த கூரை, முன்புறம் திண்ணை, பின்புறம் கிணறு. திண்ணையைக் கண்டதும் என் தாயார் யாரையும் கேளாமல் அதில் அமர்ந்து, காலை நீட்டிக்கொண்டார். “இது நம்ம வீடு மாதிரில்லா இருக்கு” என்றார். அடுக்குமாடியில் பதினான்கு ஆண்டாக நாற்காலியில் அமர்ந்திருப்பவர் அவர்.

முதல்நாளே ஒரு சிக்கல் எழுந்தது. என் மதினி வீட்டைச் சுற்றிப் பார்க்கவில்லை. நேரே அடுக்களைக்குச் சென்று, அடுப்பு எத்தனை, பாத்திரம் எத்தனை என்று எண்ணத் தொடங்கினார். குக்கரும் இட்லித் தட்டும் மிளகாய்ப்பொடியும் அவர் பையில் இருந்தன. மற்ற இரு பெண்மணிகளும் அவர் பின்னே சென்றனர். அதைக் கண்ட என் தாயார், “இதுக்கா கடல் தாண்டி வந்தீய? அடுப்படியை மாத்திக்கிடவா வந்தீய?” என்று கேட்டார். அக்கேள்விக்கு ஆடவர் எவரிடத்தும் விடையில்லை.

நம் வீடுகளில் விடுமுறை என்பது பெரும்பாலும் ஆடவர்க்கும் பிள்ளைகளுக்குமே கிடைக்கிறது. பெண்களுக்குக் கிடைப்பது இடமாற்றம் மட்டுமே. தெரிந்த அடுப்பை விட்டுத் தெரியாத அடுப்பில் சமைப்பது ஓய்வாகுமா? நாங்கள் அன்றே ஓர் ஏற்பாடு செய்தோம். பகல் உணவை வீட்டுக்கார அம்மையாரிடமே விலைக்குச் சொல்லிவிட்டோம். அரிசி பாக்ரியும் மீன்குழம்பும் சோல்கடியும் அவர் கைப்பட வந்தன. காலையும் இரவும் ஆண்களும் பிள்ளைகளும் முறைவைத்துச் சமைத்தோம். அலிபாகின் வெள்ளை வெங்காயம் புவிசார் குறியீடு பெற்றது. காரம் குறைந்து இனிப்பு மிகுந்தது. அதைப் பச்சையாக நறுக்கித் தயிரில் இட்டு, உப்புமாவோடு பரிமாறினோம். உப்புமா சற்றுக் குழைந்திருந்தது. உண்டவர் யாரும் குறை கூறவில்லை. மூன்றாம்நாள் காலை ஆறு மணிக்குப் பெண்கள் மூவரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு வேலையும் இன்றி அலையோரம் நடந்து சென்றதைக் கண்டேன். திருமணமாகி இருபத்தைந்து ஆண்டில், காலை ஆறு மணிக்கு வெறுமனே நடந்தது அதுவே முதன்முறை என்று என் மதினி பின்னர்ச் சொன்னார். ஐந்துநாள் வாடகையும் அந்த ஒரு காலைக்கு ஈடாகாது.

அடுத்து, ஆச்சியின் பஞ்சாங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடற்கரையில் முதலில் கற்க வேண்டுவது ஓதமும் வற்றமும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ இருமுறை கடல் பெருகும், இருமுறை வற்றும். ஒவ்வொரு நாளும் அந்நேரம் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும். கொங்கண் கடற்கரையார் கைக்கொள்ளும் எளிய கணக்கு ஒன்று உண்டு. அன்றைய திதியின் எண்ணை முக்காலால் பெருக்கினால், கடல் பெருகி நிற்கும் மணி தோராயமாகத் தெரியும். அட்டமி என்றால் எட்டை முக்காலால் பெருக்க ஆறு. காலையும் மாலையும் ஆறுமணி அளவில் கடல் நிறையும். பௌர்ணமியும் அமாவாசையும் பதினைந்து. பதினொன்றே கால் மணியளவில் நிறையும். அந்நாள்களில் ஓதம் மிக உயரும். வீட்டுக்காரர் இக்கணக்கை மராத்தியில் சொல்ல, என் தாயார் பையிலிருந்து பாம்புப் பஞ்சாங்கத்தை எடுத்துவிட்டார். ஆங்கிலப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேரன், தன் வாழ்நாளில் முதன்முறையாக, “ஆச்சி, இன்னைக்கு என்ன திதி?” என்று கேட்டான். பிரதமை முதல் பதினைந்து பெயர்களையும் அவன் இரண்டு நாளில் மனப்பாடம் செய்துவிட்டான். பயன் இருந்தால் சொல் தானே வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இக்கணக்கு விளையாட்டுக்கு மட்டுமன்று. இதே கரையில், இன்னும் தெற்கே, முருட் என்னும் இடத்தில் 2016 பிப்ரவரி 1 அன்று, புனேயிலிருந்து சுற்றுலா வந்த கல்லூரி மாணவர் பத்துக்கும் மேற்பட்டோர் அலையில் சிக்கி மாண்டனர். கடல் நம் நகரத்துக் குழாய் நீரன்று. ஓதநேரத்தை அரசு வெளியிடும் அட்டவணையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஊரார் இறங்க வேண்டாம் என்ற இடத்தில் இறங்காதீர்கள். முழங்காலளவுக்கு மேல் பிள்ளைகளை விடாதீர்கள். மழைக்காலத்துக் கடலைக் கரையிலிருந்தே வணங்குங்கள்.

அலிபாக் கடற்கரைக்கு எதிரே கடலுக்குள் குலாபா கோட்டை நிற்கிறது. சிவாஜி மன்னர் காலத்தில் கட்டத் தொடங்கி, பின்னர்க் கான்ஹோஜி ஆங்கரேயின் கப்பற்படைக்குத் தளமாக விளங்கியது. கடல் வற்றும்போது நடந்தே சென்றுவிடலாம். நிறையும்போது அது தீவு. நாலாபுறமும் உப்புநீர் சூழ்ந்த அக்கோட்டைக்குள் நன்னீர்க் கிணறு ஒன்று இருக்கிறது. குதிரை வண்டியில் ஆச்சியையும் அழைத்துச் சென்றோம். கிணற்றை எட்டிப் பார்த்த அவர், திருச்செந்தூர் நாழிக்கிணற்றைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்லலானார். கடலுக்குச் சில அடி தூரத்திலேயே நாழிக்கிணறு நல்ல தண்ணீர் தருவதையும், தம் தாயார் தம்மை இடுப்பில் வைத்துக்கொண்டு அதில் நீராட்டியதையும், திரும்பும் வழியில் வாங்கித் தந்த பனங்கற்கண்டையும் சொன்னார். அன்று இரவு திண்ணையில் அமர்ந்து மேலும் சொன்னார். பல ஆண்டுகளாக ஒரே நகரில் இருந்தும், நான்கூட அறியாத செய்திகள் பல அன்று வெளிவந்தன. கேட்க ஆளும் நேரமும் இருந்தால் பெரியவர்களிடம் ஊர்வீடு இன்னும் உயிரோடிருக்கிறது என்பதை அன்று உணர்ந்தேன்.

அலிபாகில் இன்னொரு நிலையம் உண்டு; பலரும் கவனியாமல் கடந்துபோவது. புவியின் காந்தவிசையை அளந்த நிலையம் முதலில் பம்பாயில் கொலாபாவில் இருந்தது. நகரில் மின்சார டிராம் ஓடப்போகிறது என்று தெரிந்ததும், அதனால் நுண்ணிய அளவைகள் கலங்கும் என்று அறிஞர்கள் கண்டனர். ஆகவே 1904-ஆம் ஆண்டில் காந்த அளவைப் பணியை அலிபாகுக்குக் கொண்டுசென்றனர். கருவிகளைக் கலக்காதபடி, காந்தத் தன்மையற்ற பொருள்களாலேயே கட்டடம் எழுப்பினர். புவியின் மெல்லிய இழுப்பை அறிய வேண்டுமாயின் இரும்பை வெளியே வைக்க வேண்டும்! நம் குடும்பங்களிலும் மெல்லிய இழுப்பு ஒன்று உண்டு. அதை நகரத்து இரைச்சலில் உணர முடிவதில்லை. இதைப் பிள்ளைகளிடம் சொல்லி, எல்லோருடைய கைபேசிகளையும் ஒரு சம்படத்தில் இட்டு மூடினோம். மாலையில் ஒருமணி நேரம் மட்டும் திறந்தோம். முதல்நாள் முணுமுணுத்தவர்கள், நான்காம்நாள் அதைத் திறக்கவே மறந்தனர்.

அக்கரையோரம் நமக்குப் பாடமாகும் இரு சமூகங்கள் உண்டு. அவற்றைச் சொல்லாமல் என் உரையை முடிக்க இயலாது. ஒன்று, பெனே இஸ்ரேல் என்னும் யூதர். பன்னெடுங்காலத்துக்கு முன் தங்கள் முன்னோரின் கப்பல் அலிபாகுக்கு அருகே நவ்காவ் கரையில் உடைந்தது என்பது அவர்களுடைய மரபு. செக்கில் எண்ணெய் ஆட்டி வாழ்ந்தனர். சனிக்கிழமை வேலை செய்யாமையால் ‘சனிவார் தேலி’ என்று பெயர் பெற்றனர். அதாவது ‘சனிக்கிழமைச் செக்கார்’. வீட்டுமொழி மராத்தியாயிற்று, ஆனால் ஓய்வுநாளை மட்டும் விடவில்லை. அந்த ஓய்வுநாளே அவர்களை ஒரு சமூகமாகப் பிற்காலத்தார்க்கு அடையாளம் காட்டியது. 1948-க்குப் பின் அவர்களுள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர்.

மற்றொன்று, ரேவ்தண்டாவைக் கடந்து குண்டலிகா ஆற்றுக்கு அப்பால் உள்ள கோர்லாய் கிராமம். போர்த்துக்கீசியர் அங்கே கோட்டை கட்டினர். 1740-இல் அப்பகுதியை மராத்தியரிடம் விட்டு நீங்கினர். ஆண்டவர் போய் ஏறத்தாழ 300 ஆண்டு ஆகப்போகிறது. ஆயினும் அவ்வூர்க் கிறித்தவர்கள், ஏறக்குறைய ஆயிரம் பேர், போர்த்துக்கீசியம் மராத்தியோடு கலந்து பிறந்த ஒரு மொழியை வீட்டில் பேசிவருகின்றனர். ‘நோ லிங்’ என்று அதற்குப் பெயர். ‘நம் மொழி’ என்று பொருள். அமெரிக்க அறிஞர் ஜே. கிளான்சி கிளெமென்ட்ஸ் 1996-இல் அம்மொழி பிறந்து வளர்ந்த வரலாற்றை நூலாக எழுதினார். ஆயிரம் பேர், அரசின் ஆதரவில்லை, அம்மொழிவழிப் பள்ளி இல்லை. ஆயினும் தாய் தன் குழந்தையிடம் பேசினாள். குழந்தை திரும்பப் பேசிற்று. அவ்வளவே அதன் வலிமை.

நமக்கோ நாடு உண்டு, நூல் உண்டு, இந்நகரிலேயே மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளும் உண்டு. இருந்தும் பாட்டி தமிழில் கேட்கிறாள். பேரன் இந்தியிலோ ஆங்கிலத்திலோ விடை சொல்கிறான். குற்றம் பேரனுடையது என்று நான் கருதவில்லை. அவன் பாட்டியோடு தொடர்ந்து ஐந்துநாள் இருந்ததில்லை. ஒரு மொழி நிலைப்பதற்கு மாநாடு வேண்டும், மலர் வேண்டும், மேடை வேண்டும்; ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்பாக ஒரு திண்ணை வேண்டும்.

பிறர் ஊரில் தங்கும்போது நம் ஒழுக்கமும் சிறக்க வேண்டும். நாமே குடிவந்தவர்கள், விருந்தினர் எப்படி நடக்க வேண்டும் என்பதை நாமன்றோ நன்கு அறிவோம்! வீட்டுக்காரரோடு நாலு வார்த்தை மராத்தியில் பேசுங்கள். மீனவர் வலையையும் படகையும் கேளாமல் தொடாதீர்கள். பிளாஸ்டிக் குப்பையைக் கடற்கரையில் எறியாமல் பையில் கட்டிக்கொண்டு வாருங்கள். நாங்கள் புறப்பட்ட அன்று வீட்டுக்கார அம்மையார் என் தாயாருக்குத் தேங்காயும் குங்குமமும் தந்து வழியனுப்பினார். இருவருக்கும் பொதுவான மொழியில்லை. ஆயினும் ஐந்துநாளும் இருவரும் பாக்கு நறுக்கிக்கொண்டே பேசியதற்கு அளவில்லை.

பெரியோர்களே! தாய்மார்களே! இனி என் வேண்டுகோளுக்கு வருகிறேன். இத்தகைய விடுமுறை, மூன்று வீட்டார் சேர்ந்து வாடகை பகிர்ந்துகொள்ள வசதியுள்ள எங்களுக்குக் கிட்டியது. கூலி இழப்பை அஞ்சி ஒரு நாளும் நகரைவிட்டு நீங்காத குடும்பங்களுக்கு எப்படிக் கிட்டும்? அங்கேதான் சங்கம் முன்வர வேண்டும். தீபாவளி விடுமுறை தொடங்கி ஒரு மாதத்திற்குக் கடலோரத்தில் ஒரு வீட்டைச் சங்கத்தின் பெயரால் வாடகைக்கு எடுப்போம். மாத வாடகை, நாள் வாடகையைவிடக் குறைத்துப் பேசக்கூடியது. ஐந்துநாளுக்கு ஒரு முறை என்று வைத்தால் ஒரு மாதத்தில் ஆறு முறை. முறைக்கு இரண்டு குடும்பம் என்றால் பன்னிரண்டு குடும்பம். இயன்றவர் முழுப்பங்கு தரட்டும். இயலாதவர் பங்கைச் சங்கம் ஏற்கட்டும். ஊதிய விடுப்பில்லாத குடும்பங்களுக்கே முதல் உரிமை அளிப்போம். ஒரு முறையில் தாராவிக் குடும்பம் ஒன்றும் செம்பூர்க் குடும்பம் ஒன்றும் சேர்ந்து தங்கட்டும். ஆண்டுக்கொரு முறை இம்மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் அமர்ந்துவிட்டு, பெயரும் கேளாமல் பிரியும் நாம், ஐந்துநாள் ஒரே கிணற்றில் நீர் இறைத்தால் உறவாகிவிடுவோம்.

இரண்டே விதிகள் போதும். ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டு முதியவரை உடன் அழைத்து வர வேண்டும். அந்த ஐந்துநாளும் சமையற்பொறுப்பு ஆண்களுடையதாக வேண்டும். இவ்விரண்டையும் செயற்குழு ஏற்குமாயின், முதலாண்டு வாடகைக்கு என் ஓய்வூதியத்திலிருந்து ஒரு மாதத் தொகையை இம்மேடையிலேயே தருவதற்கு ஆயத்தமாக இருக்கிறேன். உப்புமா கிண்டவும் வருகிறேன்.

இழந்த ஊர்வீட்டை எண்ணி ஏங்கிக் கொண்டிருப்பதால் பயனில்லை. வாடகைக் கூரையின் கீழ் வாழ்வைக் கட்டியெழுப்பிய நம் முன்னோர் வழியில், வாடகைக் கூரையின் கீழ் உறவையும் மொழியையும் காப்போம்.